ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு இருந்தால் கோதுமையை விட்டுவிட வேண்டுமா?

ஐபிஎஸ் உள்ளவர்கள், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாத உணவுக்கு மாறினால் வயிறு சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாறிப் பார்த்தவன். பாதி சரியானது. ஆனால் குற்றவாளி குளூட்டன் இல்லை.

சேலத்திலேயே இருந்துகொண்டு ஏற்காடு பஸ் ஏறப் பயந்த ஆள் நான். 20 கொண்டை ஊசி வளைவில் எதில் வயிறு கலக்கும் என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்குப் பயந்து வீட்டில் எல்லோரும் ராத்திரி சப்பாத்திக்கு மாறிய பிறகு தொல்லை கூடியது. சரி என்று கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் உப்புசம் குறைந்தது.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் தட்டுவடை செட். அரிசி மாவுத் தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், பச்சை வெங்காயம், பூண்டு மணக்கும் சிவப்புச் சட்னி. கோதுமை துளியும் கிடையாது. ஒரு செட்டோடு நிறுத்தவும் இல்லை. ராத்திரி வயிறு தவில் போல ஆகிவிட்டது.

டாக்டர்தான் விளக்கினார். கோதுமையில் குளூட்டன் தவிர ஃபிரக்டான் என்ற ஒருவகை கார்போஹைட்ரேட்டும் உண்டு. அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வெங்காயம், பூண்டிலும் இதுவே. நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், குளூட்டன் ஆகாது என்று தாங்களாகவே விட்டிருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகை மியூஸ்லி பார் (தானியக் கட்டி), வகைக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். ஃபிரக்டான் கலந்த வாரத்தில்தான் தொல்லை அதிகம்.

டாக்டர் திட்டியது வேறு விஷயத்துக்கு. குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். விட்ட பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். அதற்காகவே மறுபடி ஆறு வாரம் சப்பாத்தி தின்றேன். நல்லவேளை, இல்லை. இருந்திருந்தால் ஆயுசுக்கும் கோதுமை கிடையாது. கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம்கூட ஆகாது. எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை இருந்தால் இந்தச் சாப்பாட்டுச் சோதனை எதுவும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இப்போது ஒரு சப்பாத்தி தாங்குகிறது, மூன்று தாங்காது. பூண்டை எண்ணெயில் வதக்கிவிட்டு வெளியே எடுத்துவிடுகிறோம். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் தங்கும். குளூட்டன் இல்லை என்று அச்சடித்த விலை கூடிய பாக்கெட் எதுவும் வாங்குவதில்லை. அரிசியும் ஜவ்வரிசியும் மரவள்ளியும் விளையாடும் ஊரில் அது எதற்கு?

தட்டுவடைக் கடை அக்காவிடம்தான் இன்னும் பேச்சு வாங்குகிறேன். “வெங்காயமும் வேண்டாம், பூண்டுச் சட்னியும் வேண்டாம்னா அப்புறம் எதுக்குத் தம்பி செட்டு?”