28 நாளும் 35 நாளும்

வணக்கம். இங்கிலாந்தின் ஹல் நகரில் இருக்கும் என் தம்பிக்கு அகதி அந்தஸ்து கிடைத்து இரண்டு கிழமை. அரசு கொடுத்த வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அகதிக் கோரிக்கையாளருக்கு வாராவாரம் காசு வரும் ஆஸ்பென் அட்டையும் நிற்கப்போகிறதாம். வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் யூனிவர்சல் கிரடிட் என்ற அரச உதவிப் பணத்துக்குப் போடலாம் என்று யாரோ சொல்ல, அவன் காத்திருக்கிறான். லண்டனுக்குக் கூப்பிடட்டுமா? கேஸ் வென்ற பிறகும் ஏன் இந்தப் பாடு?
— ம.

அன்புள்ள ம.,

காத்திருக்க வேண்டாம், இன்றே போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கும் தேசிய காப்புறுதி இலக்கமும் இல்லாமலே விண்ணப்பத்தைத் தொடங்கலாம். கணக்கு விபரத்தைப் பிறகு சேர்க்கலாம்.

இரண்டு திணைக்களங்களின் நாட்கணக்கு ஒத்துப்போகாததுதான் சிக்கல். குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) 28 நாளில் வீட்டையும் வாராந்தக் காசையும் நிறுத்தும். (2024 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 56 நாளாக்கி, 2025 செப்டெம்பரில் தனியாட்களுக்குத் திரும்பவும் 28 ஆக்கினார்கள்.) யூனிவர்சல் கிரடிட் கொடுப்பது வேலை, ஓய்வூதியத் திணைக்களம்; அங்கே தொகையைக் கணிக்கும் ஒரு மாதக் காலம் முடிந்து, அதற்கு மேல் ஏழு நாளளவில்தான் முதற் காசு வரும். அதாவது ஏறக்குறைய 35 நாள். முதல் நாளே விண்ணப்பித்தவருக்கும் ஒரு கிழமை இடிக்கும். தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு கிழமை போய்விட்டதால், இன்று போட்டாலும் மூன்று கிழமை இடிக்கும்.

அந்த இடைவெளிக்கு யூனிவர்சல் கிரடிட்டிலேயே முன்பணம் கேட்கலாம். ஆனால் அது கடன். 400 பவுண் எடுத்து 24 மாதத்தில் கட்டினால் பிறகு வரும் காசில் மாதம் 16 பவுண் 67 பென்ஸ் கழியும்.

எங்கள் ஆட்களுக்கு அதிகம் தட்டுப்படுவது பெயர். தகப்பன் பெயரை ஓரிடத்தில் குடும்பப்பெயராகவும், இன்னோரிடத்தில் முதற்பெயராகவும் பதிந்துவிடுவார்கள்; 'கந்தையா ரவி'யும் 'ரவி கந்தையா'வும் கணினிக்கு வேறு வேறு ஆட்கள். வதிவிட அனுமதியைக் காட்டிய பிளாஸ்ரிக் அட்டை போய், அதை இணையத்தில் காட்டும் இ-விசா வந்தபின், அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடமும் எழுதுவது நல்லது. இ-விசாவிலேயே பிழை என்றால் திருத்தக் கோரிக்கையை இணையத்தில் தனியாகப் போடுங்கள். அது வரும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

தபாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சந்திப்புத் தவறிப்போகும். யூனிவர்சல் கிரடிட்டைக் கவனிக்கும் ஜொப்சென்ரர் அலுவலகத்தின் தகவல்கள் இணையக் கணக்கிலுள்ள 'ஜேர்னல்' பக்கத்துக்குத்தான் வரும். முதற் சந்திப்புக்குப் போகாவிட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடக்கூடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே அதில் எழுதலாம்.

லண்டன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வீடில்லாதவர் என்று அங்குள்ள கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) போனால், 'உங்களுக்கு எந்த ஊரோடு தொடர்பு' என்று கேட்பார்கள். ஹோம் ஒபிஸ் குடியமர்த்திய ஊர் என்பதால் ஹல்லைக் காட்டித் திருப்பி அனுப்ப இடமுண்டு. நீங்கள் இப்போதிருக்கும் கவுன்சில் எல்லைக்குள் ஐந்து வருடமாவது வசித்திருந்தால், உடன்பிறந்தவர் என்ற தொடர்பைச் சொல்லிப் பார்க்கலாம். எங்கே போனாலும், பிள்ளையோ கடும் நோயோ இல்லாத தனியாளுக்கு உடனே அறை கிடைப்பது அரிது. பெரும்பாலும் வீடு தேடும் திட்டமொன்றை எழுதிக் கையில் தருவார்கள். அதற்கும் நேரம் வேண்டும். 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவருக்கு உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை. எனவே வெளியேறும் நாள்வரை பார்த்திராமல், அந்தக் கடிதத்தோடு இந்தக் கிழமையே ஹல் கவுன்சிலுக்குப் போகச் சொல்லுங்கள்.