சோறு போட்டவரும் அவர்தான், மடையை அடைத்தவரும் அவர்தான்

கேள்வி: கஜா புயலில் எங்கள் கூரை போனபோது, பக்கத்து வயல்காரர் ஒன்பது நாள் எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்தக் குறுவையில் ஒரு ராத்திரி, அதே அண்ணன் மண்மூட்டை போட்டு என் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன். மனுஷன் பிறவியிலேயே கெட்டவன்தானா? ஏழு வயது மகனிடம் யாரையும் நம்பாதே என்று சொல்லி வளர்க்கலாமா?
- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்:

தம்பி, பையனிடம் அப்படிச் சொல்லாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னாலேயே சீனாவில் இதே கேள்விக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பார்த்தால் யாருக்குமே நெஞ்சு பதறும், பேர் வாங்க வேண்டும் என்று யோசித்தெல்லாம் அந்தப் பதற்றம் வருவதில்லை, அதனால் நல்லது நமக்குள்ளேயே இருக்கிறது என்றார் மென்சியஸ் என்ற சிந்தனையாளர். அவருக்குப் பின்னால் வந்த சுன்ட்சு (Xunzi) என்ற இன்னொரு சிந்தனையாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறவியில் வருவது சுயநலம்தான், கோணல் மரத்தை ஆவியில் காட்டி நிமிர்த்துகிற மாதிரி மனிதனையும் பழக்கித்தான் நிமிர்த்த வேண்டும் என்றார்.

இந்தக் காலத்தில் கைக்குழந்தைகளையே வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மேடேறுகிற ஒரு பொம்மைக்கு ஒன்று கைகொடுக்கிறது, இன்னொன்று கீழே தள்ளுகிறது, பிள்ளை எதை எடுக்கிறது? 2007ல் யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் உதவிய பொம்மையையே எடுத்தார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதையே நிறையப் பிள்ளைகளிடம் செய்து 2024ல் வெளியிட்டபோது பாதிக்குப் பாதிதான் வந்தது. ஆக, இதை வைத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2006ல் ஜெர்மனியில் நடந்த இன்னொரு சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. துணி காயப்போடுகிறவர் கையிலிருந்து கிளிப் விழுந்து, எட்டாமல் தவிக்கும்போது, ஒன்றரை வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எடுத்து நீட்டினார்கள்.

இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். என் பேத்திக்கு இரண்டு வயது. தான் கடித்த முறுக்கை எச்சிலோடு என் வாயில் திணிப்பாள், வாங்கிக்கொள்ளாவிட்டால் அழுவாள். அதே கையால், நடைவண்டியைத் தொட்ட எதிர்வீட்டுப் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்து, அந்தப் பிள்ளை அலற அலற விடாமல் நின்றாள். இரண்டையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் புரிந்துகொண்டது இதுதான். இரக்கம் நம்மோடுதான் பிறக்கிறது, ஆனால் சின்னதாகப் பிறக்கிறது, ‘நம்ம ஆள்’ என்று மனசு யாரை ஒத்துக்கொள்கிறதோ அதுவரைதான் எட்டும். உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லாத கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்துப் பண்ணையார் ஆட்கள் கொளுத்தினார்கள். தன் வீட்டுப் பிள்ளை வாய்க்காலில் விழுந்தால் அந்த ஆட்களும் பதறிப்போய்க் குதித்திருப்பார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. குடிசைக்குள் இருந்தவர்களை அவர்கள் தங்களைப் போன்ற மனுஷர்களாகக் கணக்கிலேயே வைக்கவில்லை. அந்தக் கணக்கு பிறவியில் வந்ததில்லை தம்பி, வீட்டிலும் தெருவிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்து வந்தது. யாரையும் நம்பாதே என்று பையனிடம் சொன்னால் நீங்களும் அவனுடைய ‘நம்ம ஆள்’ கணக்கைக் குறுக்கித்தான் கொடுக்கிறீர்கள், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் அண்ணன் செய்தது அந்த வகை இல்லை. 2018 நவம்பரில் உங்கள் கூரை கண்ணெதிரே கிடந்தது, பிள்ளைகள் பசித்து நின்றார்கள், அவருக்குப் பதறியது. இப்போது அவர் கண்ணெதிரே நிற்பது அவருடைய நாற்றங்கால். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எத்தனை நாள் கழித்து, எவ்வளவு இளைத்து வருகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்று காய்கிற பயத்தில் ராத்திரி இருட்டில் மண்வெட்டி எடுக்கிறவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். செய்தது தப்பு, அதைத் தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் நம் முன்னோர் முறை வைத்துப் பாய்ச்சினார்கள், நீர்க்கட்டி என்று ஒரு ஆளைப் போட்டுக் கூலியாக நெல் அளந்தார்கள். ஆள் நல்லவனா கெட்டவனா என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் பயிர் காத்திருக்காது.

அதனால் பகலில் போங்கள், டீக்கடையில் நாலு பேர் முன்னால் வேண்டாம், வீட்டுக்கே போங்கள். ‘அண்ணே, அன்னிக்கு ராத்திரி நான் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவர் கோபப்படலாம், அழவும் செய்யலாம். அப்புறம் அந்த வாய்க்காலில் பாய்கிற மற்றவர்களையும் கூப்பிட்டு, யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று பேசி ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் முறை வருகிற அன்று பையனைக் கூட்டிப்போய், அவர் பக்கத்து மடையை அவன் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள்.