டார் கட்டளை கோப்புகளை எவ்வாறு சுருக்குகிறது?

பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் கட்டளையே டார். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்போடு, காந்த நாடாவில் சேமிப்பதற்காக வந்தது. அது கட்டுவதோடு சரி. அளவைக் குறைப்பது 1992-இல் வெளியான ஜீ-ஜிப் என்ற நிரல். 'tar -czf' என்ற கட்டளையில் 'சி' கட்டச் சொல்கிறது, 'இசட்' ஜீ-ஜிப்பை அழைக்கிறது, 'எஃப்' அடுத்து வரும் பெயரில் சேமிக்கச் சொல்கிறது; ஆகவே 'எஃப்' கடைசியில் நிற்பதே பாதுகாப்பு.

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கில் முதல் வரியில் 'விரலி மஞ்சள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிகளில் 'மேற்படி' என்று மட்டும் போடுவதைப் போல, ஜீ-ஜிப்பும் ஒருமுறை வந்த சொல்லை மறுபடி எழுதாமல், முன்பு வந்த இடத்தைச் சுட்டிவிட்டு நகர்கிறது. அதனால்தான் எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்க, ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படங்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன.

சுருக்கினால் தரம் குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இம்முறையில் கட்டைப் பிரித்தால் ஓர் எழுத்தும் மாறாமல் மூலக் கோப்பே கிடைக்கும்.