சாப்பிட மறுக்கும் நோய்க்கு யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

"காரைக்குடிப் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு அனோரெக்ஸியா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அறக்கட்டளைகள் செலவுக்கு உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவுவார்கள். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். நாங்கள் ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பித்தான் அதைத் தெரிந்துகொண்டோம்.

தேவகோட்டையில் என் தங்கை மகளுக்கு 16 வயதில் இது வந்தது. எங்கள் ஆத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டுவைத்துக் கெஞ்சும். பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். திமிர் என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்கு ஓடினோம்.

பணம் போதவில்லை. ஓர் அறக்கட்டளையில் மனு கொடுத்தோம். அங்கிருந்த பெரியவர் படித்துவிட்டு, "சோறில்லாதவங்களுக்குக் கொடுக்கிறோம். இருக்கிற சோத்தைத் தின்னாத பிள்ளைக்கு நாங்க என்ன ஆத்தா செய்யறது?" என்று தங்கையிடம் கேட்டார். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கிற ஊர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். தப்பு எங்கள் மேலும் உண்டு. வெட்கப்பட்டு, 'உணவு உட்கொள்வதில்லை' என்று மட்டும் எழுதி, நோயின் பெயரையே மறைத்திருந்தோம்.

அப்புறம் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அம்மாதான் வழி காட்டினார். பெரிய மருத்துவமனைகளில் இப்படி ஒருவர் இருப்பார், முதல் நாளே கேட்டுப் பாருங்கள். மருத்துவரிடம் புதிதாக ஒரு கடிதம் வாங்கினோம். நோயின் பெயர், எடை, நாடித் துடிப்பு, பொட்டாசியம் அளவு, எத்தனை வாரம் தங்க வேண்டும், உத்தேசச் செலவு எல்லாம் அதில் இருந்தது. நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் மருத்துவர் கண்காணிப்பில்தான் ஊட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பெரியவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மருத்துவமனை பெயருக்கே காசோலை எழுதிக் கொடுத்தார்கள்.

தர்மம் கேட்கப் போகுமுன் உங்கள் காப்பீட்டைப் பாருங்கள். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. 2022 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு இதையே அறிவுறுத்தியது. ஏஜெண்ட் வாய்மொழியாக "வராது" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

இணையத்தில் பணம் திரட்டலாம்தான். நாங்கள் செய்யவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கும் பெண் பிள்ளையின் படத்தை ஊரே பார்க்க வைக்க மனம் வரவில்லை.

ஒன்று கவனியுங்கள். எங்களுக்குக் கிடைத்த உதவி படுக்கைச் செலவோடு நின்றுவிட்டது. வீடு திரும்பிய பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை, உணவியல் நிபுணர், மதுரைக்குப் பஸ் என்று இழுக்கும். அதையும் முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைக்கு மயக்கம் வந்தாலோ நாடி மெதுவாகத் துடித்தாலோ பணம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜிக்கோ உடனே கூட்டிப் போங்கள். மற்றபடி இன்று ராத்திரி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.