வங்கிச் சில்லறை ரோலில் வெள்ளி தேடுவோருக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் வங்கியில் ரோல் (காகிதத்தில் சுற்றிய நாணயக் கட்டு) வாங்கி வெள்ளி நாணயம் தேட ஆசை. எந்த நாணயத்தில் தொடங்கலாம்?

ஹாஃப் டாலரில் (50 செண்ட்). டைம் (10 செண்ட்), குவார்ட்டர் (25 செண்ட்) இரண்டிலும் 90 சதவீத வெள்ளி 1964-உடன் நின்றுவிட்டது. ஹாஃப் டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீத வெள்ளி தொடர்ந்தது. கடைகளில் அது அதிகம் புழங்குவதும் இல்லை. வீட்டு உண்டியலில் வருஷக்கணக்கில் கிடந்தது நேராக வங்கிக்கே வந்து சேரும். ஒரு ரோலில் 20 நாணயம், 10 டாலர். ஒரு பெட்டியில் 50 ரோல், 500 டாலர்.

அவ்வளவு பணத்தை முடக்க வேண்டாம் என்றால், கவுன்டரில் வாடிக்கையாளர் கையால் சுற்றிக் கொடுத்த ரோல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இயந்திரம் சுற்றிய ரோலைவிட அதற்கே முன்னுரிமை. பழைய சேமிப்பு அப்படியே கலையாமல் வருவது அதில்தான்.

கேள்வி: ஒவ்வொன்றாக வருஷம் பார்க்கக் கண் வலிக்கிறது. குறுக்குவழி உண்டா?

விளிம்பைப் பாருங்கள். ரோலைப் பிரித்து நாணயங்களை வரிசையாகச் சாய்த்து, நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் நோக்கினால் வெள்ளி இல்லாத சாதாரண நாணயத்தில் செம்புக் கோடு பளிச்சென்று தெரியும். 90 சதவீத வெள்ளியில் கோடே இருக்காது, விளிம்பு முழுக்க வெண்மை.

ஏமாற்றுவது 40 சதவீதம்தான். அதன் நடுப்பகுதியில் செம்பு அதிகம், வெள்ளி சுமார் 21 சதவீதமே. அதனால் மங்கிய பழுப்புக் கோடு தெரியும். அவசரத்தில் பார்ப்பவர் இவற்றைத்தான் தவறவிடுகிறார். ஹாஃப் டாலரில் விளிம்பு பார்த்த பிறகும் வருஷத்தைச் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் தராசு: 90 சதவீதம் 12.5 கிராம், 40 சதவீதம் 11.5, சாதாரணம் 11.34. பின்னிரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

வெண்மையான விளிம்போடு ‘எஸ்’ முத்திரை (சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) போட்ட புதிய நாணயம் வந்தால் ஒதுக்கி வையுங்கள். 1992 முதல் சேகரிப்பாளருக்காக அடித்த வெள்ளி ப்ரூஃப் (பளபளப்பாக அடித்த சிறப்பு) நாணயங்களும் சில சமயம் செலவாகி வந்துவிடுகின்றன.

கேள்வி: கறுத்துப்போன 5 செண்ட் ஒன்று கிடைத்தது. வெள்ளியா?

பின்பக்கத்தில் மாளிகைக் குவிமாடத்துக்கு மேலே பெரிய பி, டி அல்லது எஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1942–45 போர்க்கால நிக்கல் (5 செண்டின் வழக்குப் பெயர்): 35 சதவீத வெள்ளி, 56 செம்பு, 9 மாங்கனீசு. நிக்கல் உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் கலவையை மாற்றினார்கள். 1942-ல் இரண்டு கலவையும் வந்தன. எனவே முத்திரையை நம்புங்கள், வருஷத்தை அல்ல.

கேள்வி: மேளக்காரர் உள்ள 1976 குவார்ட்டர்?

புழக்கத்தில் வந்தது வெள்ளி இல்லை. தனித் தொகுப்பாக விற்ற ‘எஸ்’ முத்திரை நாணயங்கள் சிலவற்றில் மட்டும் 40 சதவீத வெள்ளி உண்டு.

கேள்வி: தேடி முடித்ததை எங்கே கொடுப்பது?

வாங்கிய கிளையில் வேண்டாம். அதே நாணயங்கள் உங்களிடமே திரும்பி வரும், அவர்களுக்கும் வேலை இரட்டிப்பு. வேறொரு வங்கியில் கணக்கு வைத்து அங்கே செலுத்துங்கள். பெட்டி தருவித்துக் கொடுப்பது வாங்கும் கிளைக்குக் கூடுதல் சிரமம். அந்த நல்லெண்ணம் போனால் அடுத்த பெட்டியும் கிடைக்காது. எண்ணும் இயந்திரம் இருந்தால் அது தள்ளிய நாணயங்கள் விழும் தட்டைப் பாருங்கள். எடையும் உலோகமும் வேறு என்பதால் வெள்ளியை அது பெரும்பாலும் ஏற்காது.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. உலோக மதிப்பு போகாது, ஆனால் சேகரிப்பாளர் தரும் விலை சட்டென்று சரியும்.

கேள்வி: பழைய செண்ட்களைச் சேர்த்து ஊருக்குக் கொண்டுவரலாமா?

1982-க்கு முந்தைய செண்டில் 95 சதவீதம் செம்பு (1943-ன் எஃகு செண்ட் தவிர). 1982-ல் இரு வகையும் உண்டு: செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5. ஆனால் 2007 விதிப்படி செண்ட், 5 செண்ட் நாணயங்களை உருக்கக் கூடாது. பயணி சாதாரணமாக 5 டாலர் மதிப்புக்குமேல் வெளியே எடுத்துச் செல்லவும் கூடாது. போர்க்கால வெள்ளி நிக்கலுக்கு இந்தத் தடை இல்லை.