அதிபர் கையில் இருப்பது

அன்புள்ள அண்ணா,

கறுப்பின மாணவர்கள் மீதான பாகுபாட்டைப் போக்கப் பள்ளி அதிபர்களுக்குப் பயிற்சி நடப்பதாக மகனின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பிள்ளைகளையும்தான் நிறம் சொல்லிச் சீண்டினார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் தனியாக? பிள்ளைகளுக்குள் நடக்கிற கேலிக்கு அதிபர் என்ன செய்ய முடியும்?

ம., பிரம்டன், கனடா

அன்புள்ள ம.,

நம் பிள்ளைகள் பட்டது பொய்யில்லை. அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் கேலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பீல் கல்விச் சபையையே பாருங்கள். மாகாண அரசு அமைத்த குழுவின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 10.2 சதவீதம், இடைநிறுத்தப்பட்டவர்களிலோ சுமார் 22.5 சதவீதம். ஒன்ராறியோவில் ஒரு மாணவனை 20 நாள் வரை இடைநிறுத்தும் அதிகாரம் அதிபருடையது. ஒரே குறும்புக்கு ஒருவனை அதட்டி உட்கார வைப்பதும், இன்னொருவனை வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில்தான். ஹூடி போட்டதற்கும், வளையக் காதணி அணிந்ததற்கும்கூட அனுப்பினார்கள் என்று அந்தக் குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஹூடி! நம் வீடுகளில் அது இல்லாமல் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது?

அந்த ஜூனில் அரசே மேற்பார்வையாளரை நியமித்து, சபையின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது.

சரி, ஏன் அவர்களுக்கு மட்டும்? யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் தலைமையில் 2017இல் வந்த ஆய்வில் ரொறன்ரோ கல்விச் சபையின் கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அக்கடமிக் பிரிவில் படித்தவர்கள், வெள்ளையின மாணவர்களில் 81 சதவீதம் பேர். மற்ற நிறத்தவரில் 80. நம் பிள்ளைகளும் இதற்குள்தான். கறுப்பின மாணவர்களில் 53தான். நிறம் சொல்லி நம்மைச் சீண்டினாலும் அந்தக் கதவை நமக்குச் சாத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இப்படிப் பிரிப்பதை 2022இல்தான் முழுதாக நிறுத்தினார்கள்.

ஒரு நாள் பயிற்சியால் இதெல்லாம் மாறும் என்று நானும் நம்பவில்லை. இந்தத் தவணையில் யாரை, எதற்காக வீட்டுக்கு அனுப்பினோம் என்று அதிபர் தன் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். கணக்கைப் பெற்றோர் முன் வைக்க வேண்டும். கறுப்பினத் தாய்மார் பல வருடங்களாக இதைத்தான் கேட்கிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் எழுந்து கேட்கும்போது நீங்களும் கூட எழுந்து நில்லுங்கள்.

அப்புறம், வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர் வாயில் வரும் அந்த வசைச்சொல் உங்களுக்கும் தெரியும். அதை உங்கள் மகன் இனிக் கேட்க வேண்டாம்.

அன்புடன்.