பழைய பத்து அங்குல லேப்டாப்பில் லினக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2009இல் வாங்கிய ஏசர் ஆஸ்பயர் ஒன் டி250 வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆட்டம் என்270, ராம் 1 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 160 ஜிபி. உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். எக்ஸ்86-64 ப்ராசஸர் வேண்டும் என்று ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதா?

பதில்: பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. என்270 வெறும் 32 பிட் ப்ராசஸர், இன்றைய உபுண்டு முழுக்க 64 பிட். அதனால் டிஸ்ட்ரோவை, அதாவது எந்த லினக்ஸ் வகை என்பதை, தேர்வு செய்வதற்கு முன்னால் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். என்270, என்280 என்றால் 32 பிட். 2010இல் வந்த என்450 முதல் 64 பிட்.

உங்கள் மெஷினுக்கு, பழைய கணினிகளுக்கான ஆன்டிஎக்ஸ் 23 என்ற டிஸ்ட்ரோவின் 32 பிட் ‘ஃபுல்’ பதிப்பு சரியாக இருக்கும். டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது 200 எம்பி அளவில்தான் ராம் பிடிக்கும். அது டெபியன் 12 என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரையே எடுத்துவிட்டார்கள்.

ராமை 2 ஜிபி ஆக்கிவிடுங்கள், அந்த போர்டு தாங்குவது அவ்வளவுதான். டிடிஆர்2 லேப்டாப் ராம், ஒரே ஸ்லாட். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ராமைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே மறையும் வரை தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டக்’கென்று விழ வேண்டும். ஒரு பக்கம் விழாமல் போனாலும் திரை கறுப்பாகவே இருக்கும். அப்போது போர்டு போய்விட்டதென்று பயப்படாமல் ராமை மறுபடி கழற்றிச் செருகுங்கள்.

கேள்வி: நானும் அதே மாடல்தான் வைத்திருக்கிறேன். எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஏசரில் அது அணைந்திருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், ‘மெயின்’ பக்கத்தில் ‘எஃப்12 பூட் மெனு’வை இயக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ரூஃபஸ் மென்பொருளில் பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும்போது பார்ட்டிஷன் முறையாக, பழைய முறையான எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். பயாஸுக்குப் பின்னால் வந்த யுஇஎஃப்ஐ இந்த மெஷினில் கிடையாது. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு முழுதாக இருக்கிறதா என்று காட்டும் எண்) தளத்தில் உள்ளதோடு ஒருமுறை சரிபாருங்கள். அரைகுறையாக இறங்கிய கோப்பு, இன்ஸ்டால் பாதி ஓடும்போதுதான் காலை வாரும்.

கேள்வி: இன்ஸ்டாலர் ஓடுகிறது. ஆனால் ‘அடுத்து’ பட்டன் எங்கே என்றே தெரியவில்லை. திரை 1024×600.

பதில்: இன்ஸ்டாலரின் ஜன்னல் (விண்டோ) திரையைவிட உயரம், பட்டன் கீழே ஒளிந்திருக்கிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்குள் எங்கேயாவது மவுஸின் இடது பட்டனால் பிடித்து மேலே இழுங்கள்.

கேள்வி: இன்ஸ்டால் முடிந்தது. பென் டிரைவைச் செருகியிருந்தால் பூட் ஆகிறது, எடுத்துவிட்டால் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்கிறது. திரும்ப முதலிலிருந்தா?

பதில்: வேண்டாம், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் க்ரப் மட்டும் இடம் மாறிப் பென் டிரைவில் உட்கார்ந்துவிட்டது. பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது சில சமயம் லினக்ஸ் அதையே முதல் டிஸ்க்காக எண்ணும். அப்போது ‘எஸ்டிஏ’ என்ற பெயர் பென் டிரைவுக்குப் போய், ஹார்ட் டிஸ்க் ‘எஸ்டிபி’ ஆகிவிடும். பெயரை நம்பாதீர்கள், கொள்ளளவைப் பாருங்கள். 8 ஜிபி என்றால் பென் டிரைவ், 149 ஜிபி என்று காட்டுவது உங்கள் 160 ஜிபி டிஸ்க். இப்போது பென் டிரைவோடு உள்ளே போய், க்ரப்பை ஹார்ட் டிஸ்க்கில் மறுபடி நிறுவினால் போதும். முழு டிஸ்க்கைக் குறிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் வந்தால் அது பார்ட்டிஷன்.

கேள்வி: விண்டோஸ் 7ஐயும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட முடியுமா சார்?

பதில்: முடியும். முதலில் பார்ட்டிஷன்களை எண்ணுங்கள். எம்பிஆர் டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான். ரிகவரி, சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி என்று கம்பெனியே நான்கையும் நிரப்பியிருந்தால், காலி இடம் இருந்தும் இன்ஸ்டாலரால் அதைத் தொட முடியாது. டி டிரைவில் இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அதை அழித்து, அந்த இடத்தில், உள்ளே பல பார்ட்டிஷன் கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் போடுங்கள். அதற்குள் ரூட்டுக்கு (சிஸ்டம் கோப்புகள்) 25 ஜிபி, ஸ்வாப்புக்கு (ராம் நிரம்பினால் டிஸ்க்கில் பயன்படும் இடம்) 2 ஜிபி, மிச்சம் ஹோமுக்கு (உங்கள் கோப்புகள்).

கேள்வி: பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப். 64 பிட், ராம் 2 ஜிபி. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மவுஸ்கூட நகரவில்லை.

பதில்: ராம் நிரம்பியதும் சிஸ்டம் ஸ்வாப்புக்குத் தாவுகிறது. அது சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதால் எல்லாம் உறைகிறது. செலவில்லாத வழி: ‘இசட்ரேம் டூல்ஸ்’ பொதியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சுருக்கும் அல்காரிதத்தை இசட்எஸ்டிடி என்றும் சதவீதத்தை 50 என்றும் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ராமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால் டிஸ்க் பக்கம் போவது குறையும். செலவழிக்க முடிந்தால் முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பிறகு ராம். டிஸ்ட்ரோவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ராமைத் தின்பது இணையப் பக்கங்கள். எந்த டிஸ்ட்ரோவிலும் அவை அதே அளவுதான் தின்னும்.

கேள்வி: என்270இல் யூட்யூப் ஓடுமா? பிரவுசர் எது?

பதில்: குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 2025இல் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரில், 32 பிட் லினக்ஸுக்கான கடைசி வரிசை 140தான். ஆகவே வங்கி வேலைக்கு இந்த மெஷினை வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டச்சு, பிடிஎஃப், பாட்டு, பைத்தான் பழகுவது, இதெல்லாம் தாராளமாக நடக்கும். வீடியோவைப் பிரவுசரில் பார்க்காமல் எம்பிவி ப்ளேயரில், 360 வரியுள்ள ஹெச்.264 வீடியோ வடிவில் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் சிப்புக்கு அந்த வடிவத்தைப் பிரிக்கத் தெரியாது. எல்லாச் சுமையும் ப்ராசஸர் மேல்தான். 720க்குப் போனால் திக்கும்.

கேள்வி: வைஃபை வந்துவிட்டது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. அப்டேட்டும் ஓடவில்லை.

பதில்: மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறானால் சான்றிதழ் ‘இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்று தோன்றும், அப்டேட்டும் அதே காரணத்தால் மறுக்கும். இப்போதைக்குத் தேதியைக் கையால் சரி செய்யுங்கள். பேட்டரி மாற்றும்போது பழையதைக் கழற்றிப் பாருங்கள்: வயரும் பிளக்கும் சேர்ந்து வந்தால் அதே மாதிரி வயர் வைத்ததுதான் வாங்க வேண்டும், வெறும் பொத்தானாக வந்தால் பெரும்பாலும் சிஆர்2032.